தற்கொலை ஆபத்துக் கேள்வித்தாளில் மதிப்பெண் குறைந்தால் ஆபத்து இல்லை என்பது சரியல்ல

நீங்கள் இந்தக் குழுவில் பகிர்ந்திருக்கும் மனநிலைக் கேள்வித்தாள், மதிப்பெண் குறைவாக வந்தால் தற்கொலை ஆபத்து இல்லை, டாக்டரிடம் போகத் தேவையில்லை என்கிறது. நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பீர்கள். ஆனால் எந்தக் கேள்வித்தாளாலும் அப்படி முன்கூட்டிச் சொல்ல முடியாது. காலையில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்தவர், சாயங்காலம் வட்டிக்காரர் வாசலில் வந்து நின்றால் அதே மனநிலையில் இருப்பாரா? தற்கொலையால் இறந்தவர்களில் பலர், டாக்டர்கள் கடைசியாகப் பார்த்தபோது ‘ஆபத்து குறைவு’ என்று குறிக்கப்பட்டவர்கள்தான்.

சந்தேகமிருந்தால் இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2022 செப்டம்பரில் வெளியிட்ட, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது பற்றிய சுயதீங்கு வழிகாட்டியை (NG225) இணையத்தில் திறந்து பாருங்கள், இலவசம்தான். ஆங்கிலம் கொஞ்சம் வறட்சியாக இருக்கும். ஆபத்து மதிப்பீட்டுக் கருவிகள் (இந்த மாதிரிக் கேள்வித்தாள்கள்தான்) பற்றிய பகுதியை மட்டும் படித்தால் போதும். தற்கொலையை முன்கணிக்கவோ, யாருக்குச் சிகிச்சை தருவது என்று முடிவெடுக்கவோ அவற்றைப் பயன்படுத்தக் கூடாது; குறைவு, நடுத்தரம், அதிகம் என்று ஆட்களைப் பிரிக்கவும் கூடாது என்று நேரடியாகவே எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பதில், உதவி தேடி வந்தவருக்கு இப்போது என்ன தேவை, எப்படிப் பாதுகாப்பாக இருக்கலாம் என்று அவரோடு உட்கார்ந்து பேசச் சொல்கிறார்கள்.

அந்தத் தாளில் குறைந்த மதிப்பெண் வாங்கியும் மனசு சரியில்லாதவர் யாராவது இங்கே இருந்தால், நம் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகலாம். ராத்திரி என்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.