ஒரு நாளைக்கு எத்தனை பேட்?

இங்கே அமெரிக்காவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். அவர் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிய காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் சின்னச் சின்னக் கோடுகள். மாத்திரைக் கணக்கு என்று நினைத்தேன். அவர் மனைவிதான் மெதுவாகச் சொன்னார், அன்றன்று மாற்றிய, சிறுநீரை உறிஞ்சும் பேட் கணக்காம். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் வந்த புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனதிலிருந்து சிறுநீர் அடங்குவதில்லை. பெரியவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

1962 முதல் 1971 வரை வியட்நாம் காடுகள்மேல் அமெரிக்க விமானங்கள் ஏறத்தாழ 2 கோடி காலன் களைக்கொல்லி தெளித்தன. அதில் பாதிக்கு மேல் ஏஜென்ட் ஆரஞ்சு என்ற வகை. அதில் கலந்திருந்த நஞ்சு டையாக்சின். இந்தக் களைக்கொல்லியால் வந்ததாக முன்னாள் படைவீரர்களுக்கு அமெரிக்க அரசு ஏற்று உதவித்தொகை தரும் நோய்களின் பட்டியலில், 1996இல்தான் புராஸ்டேட் புற்றுநோயைச் சேர்த்தார்கள். அந்த மண்ணில் கால் வைத்த படைவீரர் களைக்கொல்லிக்கும் பட்டியலில் உள்ள நோய்க்கும் உள்ள தொடர்பைத் தானே நிரூபிக்க வேண்டாம். கரையோரக் கடலில் கப்பலில் இருந்தவர்களுக்கு அந்த உரிமை தரும் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2020இல். (அந்த ஊரிலேயே பிறந்து அந்தத் தண்ணீரைக் குடித்த வியட்நாம் மக்களுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. அது நெஞ்சை அறுக்கிறது.)

சரி, உதவித்தொகை ஊனத்தின் சதவீதத்தைப் பொறுத்தது. புற்றுநோய் இருக்கும்வரை 100 சதவீத ஊனம். சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனை. நோய் திரும்பவில்லை என்றால், மிஞ்சிய பாதிப்புக்கு மட்டும்தான் சதவீதம். அதில் சிறுநீர்க் கசிவை அளப்பது பேட் எண்ணிக்கை. நாளைக்கு இரண்டுக்குக் குறைவு என்றால் 20, இரண்டிலிருந்து நான்கு வரை 40, நான்கைத் தாண்டினால் 60.

எந்த ஆம்பளை இதை வாய் திறந்து சொல்வான்? துப்பாக்கி பிடித்த கை, முன்பின் தெரியாத டாக்டர் முன்னால் ஐந்தை மூன்று என்று காட்டும். அந்தக் கூச்சத்துக்கு விலை 20 சதவீதம், மாதா மாதம். தாம்பத்தியம் போனதற்கும் தனித் தொகை உண்டு, அதைக் கேட்க இன்னும் கூச்சம். புற்றுநோய் இல்லாத வெறும் புராஸ்டேட் வீக்கம் பட்டியலிலேயே இல்லை. சேவையால் வந்திருக்கச் சரிபாதி வாய்ப்பாவது உண்டு என்று டாக்டர் எழுதித் தர வேண்டும்.

மானத்தை எண்ணி மார்க் போடும் இந்த முறை மாற வேண்டும் என்பேன். அது மாறும்வரை, இங்கே வேலை பார்க்கும் நம் டாக்டர்களிடமும் நர்ஸ்களிடமும் ஒன்று கேட்கிறேன். கூட வந்தவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லுங்கள். எத்தனை என்று கேளுங்கள். அப்புறம், ராத்திரியையும் சேர்த்துச் சொன்னாரா என்று இன்னொரு தடவை கேளுங்கள்.