பிடிச்சிருக்குன்னு சொன்னா என்ன குத்தம்?

ஞாயித்துக்கிழமை சினிமா பேசற கூட்டத்துல, ஒரு படம் பிடிச்சிருக்குன்னு நான் சொன்னதுக்கு ஒருத்தர் கிண்டல் பண்ணினதைப் பத்தி ஆளாளுக்கு இன்பாக்ஸ்ல விசாரிக்கிறீங்க. "அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார், மனசுல வெச்சுக்காதீங்க"ன்னு சமாதானம் வேற. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி மாளல. பொதுவிலேயே எழுதிடறேன்.

சமீபத்துல பார்த்த படத்தைப் பத்தி சொல்லணும். அதுதானே ஏற்பாடு? எனக்கு முன்னாடி பேசினவங்க எல்லாம் ஆளுக்கொரு படத்தைக் கிழிகிழின்னு கிழிச்சாங்க. "மொக்கை." "முடியல." "இன்டர்வல்லயே எந்திரிச்சுட்டேன்." ஏன், எதுக்குன்னு ஒருத்தர் கேக்கணுமே? தலையாட்டிட்டு அடுத்த ஆளுக்குப் போயிட்டாங்க. என் முறை வந்துச்சு. மெய்யழகன் மறுபடி பார்த்தேன், மறுபடியும் அழுதேன்னேன். உடனே அவர்கிட்ட இருந்து வந்துச்சு, "எவ்ளோ குடுத்தாங்க மேடம்?" கூட்டமே சிரிச்சுது. நானும் சிரிச்சு வெச்சேன், வேற என்ன பண்றது. அதோட விட்டாங்களா? எந்த சீன்ல அழுதீங்க, லாஜிக் இடிக்கலையா, மூணு மணி நேரம் ரெண்டு ஆம்பளைங்க உக்காந்து பேசிக்கிட்டே இருக்கறதெல்லாம் சினிமாவான்னு ஒரே குறுக்கு விசாரணை.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். படம் பிடிக்கலைன்னு சொல்றவன்கிட்ட யாரும் காரணம் கேக்கறதில்ல. பிடிச்சிருக்குன்னு சொல்றவ மட்டும் ஏன் சாட்சி, ஆதாரம் எல்லாம் கொண்டு வரணும்? திட்டினா நேர்மையானவன், பாராட்டினா காசு வாங்கினவளா?

சரி, ஏன் அழுதேன்னு கேட்டீங்கள்ல? அன்னிக்கு சொல்ல விடல, இப்ப சொல்றேன். நான் மன்னார்குடிக்காரி. கும்பகோணம் பஸ்ல ஏறி நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல காத்துக்கிடந்தே வளர்ந்தவ. கேட் போட்டா எப்ப திறப்பாங்கன்னு அந்த ஊர்க் கோயில் சந்தான ராமசாமிக்குத்தான் வெளிச்சம். நெல் ஏத்துற கூட்ஸ் வண்டி முன்னாடி போகும், பின்னாடி வரும், எஞ்சினைக் கழட்டி மாட்டுவாங்க. டிரைவர் பஸ்ஸை ஆஃப் பண்ணிட்டு இறங்கி நின்னுடுவார். கல்யாணமாகி சென்னைக்கு வந்து பல வருஷம் கழிச்சு ஒரு துக்கத்துக்குப் போயிட்டுத் திரும்பறப்போ அதே கேட், அதே வெயில். முன் சீட்டுல இருந்த ஒருத்தர் திரும்பிப் பார்த்து, "நீ டெய்லர் வீட்டுச் சின்னப் பொண்ணுதானே?"ன்னார். ஆமாங்கன்னேன். எங்கப்பா கடை மெஷின் சத்தத்துல ஆரம்பிச்சு, நான் எட்டாவதுல மாத்திப் போட்டுட்டு வந்த செருப்பு வரைக்கும் அந்த மனுஷனுக்கு ஞாபகம் இருக்கு. ஜன்னல் வழியா வெள்ளரிப் பிஞ்சு வாங்கி, உப்பு மிளகாய்ப்பொடி தடவி எனக்குக் குடுத்துட்டுத்தான் அவர் ஒண்ணை எடுத்துக்கிட்டார். எனக்கு அவர் யாருன்னே தெரியல. பேரைக் கேக்க வாய் வரல. இவ்ளோ நேரம் பேசிட்டு இனிமே "நீங்க யாருங்க"ன்னு எப்படிக் கேக்கறது? வலங்கைமான்ல இறங்கிப் போயிட்டார். அவர் பேர் இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

மெய்யழகன் கதையே அதுதானய்யா. சொந்த வீட்டை இழந்து ஊரை விட்டுப் போனவர் தங்கச்சி கல்யாணத்துக்கு நீடாமங்கலம் வர்றார். ஒருத்தன் "அத்தான் அத்தான்"னு உசுரைக் குடுக்கறான். அவன் பேரு கூட இவருக்குத் தெரியல, அந்தக் குத்த உணர்ச்சி தாங்காம சொல்லாம ஓடறார். இதைப் பார்த்துட்டு நான் அழாம யார் அழுவா? இதுல நான் யாருக்கு லாஜிக் நிரூபிக்கணும்?

"அது எமோஷனல் மேனிபுலேஷன்"னு ஒருத்தர் அழகா இங்கிலீஷ்ல சொன்னார். பேய்ப் படம் பார்த்து பயந்தா டைரக்டர் கில்லாடி. காமெடிப் படத்துல சிரிச்சா செம டைமிங். கொலைகாரனைக் கண்டுபிடிக்க முடியாம உங்களை ரெண்டு மணி நேரம் ஏமாத்தினா பிரமாதமான திரைக்கதை. அழ வெச்சா மட்டும் அது மோசடி. என்ன கணக்கு இது?

"அப்ப படத்தை விமர்சனமே பண்ணக் கூடாதாம்மா?" வரும்னு தெரியும். நான் அப்படிச் சொல்லவே இல்ல. 2024 நவம்பர்ல சூர்யாவோட கங்குவா வந்த சமயத்துல, தியேட்டர் வாசல்ல யூடியூப் சேனல்காரங்களை விடக் கூடாதுன்னு தயாரிப்பாளர்கள் சங்கம் அறிக்கை விட்டுச்சே, அப்பவும் நான் அவங்க பக்கம் நிக்கல. முதல் மூணு நாளைக்கு விமர்சனம் வரக் கூடாதுன்னு ஹைகோர்ட்டுக்குப் போனாங்க, கோர்ட் தடை போட மறுத்துடுச்சு. சந்தோஷம். காசு குடுத்துப் பார்த்தவன் கருத்து சொல்லத்தான் செய்வான். அந்தக் கருத்துச் சுதந்திரத்துல எனக்கும் பங்கு உண்டா இல்லையா? இல்ல, அது திட்டறவங்களுக்கு மட்டும் எழுதி வெச்ச பட்டாவா?

அதே கங்குவாவுக்கு ஜோதிகா எழுதினதைப் படிச்சீங்கள்ல? முதல் அரை மணி நேரம் சரியா வரல, சத்தம் ஜாஸ்தின்னு அவங்களே ஒத்துக்கிட்டுத்தான் மத்ததைப் பாராட்டினாங்க. அதுக்கு விழுந்த ஏச்சு பேச்சு கொஞ்சமா? சரி, வீட்டுக்காரர் படம், சார்பு இருக்கும்னே வெச்சுக்குவோம். எனக்கு மெய்யழகன்ல யாரு சொந்தக்காரங்க? (மெய்யழகனை எடுத்ததும் அதே குடும்பத்துக் கம்பெனிதான். "பாத்தியா, பாத்தியா"ன்னு இப்ப இதைப் பிடிச்சுக்குவீங்க.)

பெய்டு ரிவ்யூ நடக்கவே இல்லையான்னு கேப்பீங்க. நடக்குது. நான் வாங்கல. அவ்ளோதான்.

எனக்கு ஆத்தாமை எங்கன்னா, இந்தச் சத்தத்தால படமே மாறிப்போகுது. மெய்யழகன் 2024 செப்டம்பர் 27 ரிலீஸ். "இழுவை, இழுவை"ன்னு கத்தினதுல சில நாள்லயே 18 நிமிஷத்துக்கு மேல வெட்டிட்டாங்க. அந்தப் 18 நிமிஷமும் பிடிச்சவங்க தியேட்டர்ல இருந்தாங்களே, அவங்க சத்தம் எங்க போச்சு? கத்தலைல்ல. பிடிச்சவங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டு பைக்கை எடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. பிடிக்காதவங்க மைக்கைத் தேடிப் போனாங்க. பெரிய ஹீரோ படம்னா இன்னும் மோசம். நம்ம ஊர்ல ஒன்பது மணிக்குத்தான் முதல் காட்சி, கேரளாவுல விடிகாலையிலேயே போட்டுடறான். நாம பல்லு விளக்கி முடிக்கறதுக்குள்ள தீர்ப்பு வந்துடுது. அதுக்கப்புறம் தியேட்டர்ல போய் உக்காந்து நாம என்ன பாக்கறோம், படத்தையா, தீர்ப்பையா?

வந்தப்போ ஓடாம, பின்னாடி எல்லாரும் கொண்டாடின அன்பே சிவம் உதாரணத்தை எடுக்க மாட்டேன், அதை எல்லாரும் தேய்ச்சுத் தேய்ச்சு ஓட்டை போட்டாச்சு. குணா சொல்றேன். 1991 தீபாவளிக்கு தளபதியும் குணாவும் ஒரே நாள்ல வந்துச்சு. எங்கப்பா குணாவுக்குப் போனார். பிடிச்சுதுன்னு கடையில உக்காந்து சொன்னதுக்கு, "பைத்தியக்காரப் படத்தைப் பார்த்து டெய்லருக்கும் முத்திப் போச்சு"ன்னு கிண்டல். அப்பா எதிர்த்துப் பேசற ஆள் கிடையாது. காஜா போட்டுக்கிட்டே, "எனக்குப் பிடிச்சுதுப்பா"ன்னு மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். 2024-ல மஞ்ஞும்மல் பாய்ஸ்ங்கற மலையாளப் படத்துல குணாவோட "கண்மணி அன்போடு" பாட்டு வர்றப்போ தியேட்டரே விசிலடிச்சுது. நான் சென்னையில அந்தக் கூட்டத்துக்கு நடுவுல உக்காந்திருந்தேன். அப்பா இல்ல. அன்னிக்குக் கிண்டல் பண்ணினவங்க வீட்டுப் பேரப்பசங்கதான் அதை ஸ்டேட்டஸ் வெச்சிருந்தாங்க.

எதையோ ஆரம்பிச்சு எங்கயோ போயிட்டேன்னு தோணலாம். இல்ல, எல்லாம் ஒண்ணுதான். போன மாசம் அம்மாகிட்ட, "டிவில என்ன படம்மா பாத்தே, நல்லா இருந்துச்சா?"ன்னு கேட்டேன். "எனக்கு என்னடி தெரியும், நீங்கதான் சொல்லணும்"னாங்க. மன்னார்குடி தியேட்டர்ல தரை டிக்கெட் எடுத்து, ஒரு படம் விடாம பார்த்து, திரும்பி நடந்து வர்ற வழியெல்லாம் கதை பேசின பொம்பளைங்க. பக்கத்து வீட்டு அக்காவோட வில்லன் சரியில்லைன்னு சண்டை போட்டவங்க. அவங்க வாயில "எனக்கு என்ன தெரியும்"னு வருது. ஏன்னு அக்காகிட்ட விசாரிச்சா, ஒரு குடும்பப் படத்தைப் பார்த்து அம்மா கண் கலங்கினாங்களாம், அக்கா பையன் அதை வீடியோ எடுத்து, "பூமர் பாட்டி"ன்னு போட்டு ஃபேமிலி குரூப்ல விட்டானாம். எல்லாரும் சிரிச்ச ஸ்மைலி. நான் அந்தக் குரூப்பை மியூட்ல போட்டிருந்ததால பாக்கல.

டேய் தம்பி, நீ இதைப் படிப்பேன்னு எனக்குத் தெரியும். சித்தி பதிவுக்கு லைக் எல்லாம் வேணாம். அம்மாச்சிக்குப் போன் போட்டு அந்தப் படத்தோட கதையைக் கேளு. அவங்க சொல்லி முடிக்கற வரைக்கும் வாயைத் திறக்காத.