கண்ணை எங்கே வச்சிருந்தே?

எங்கள் தெருவில் ஒரு பிள்ளை கீழே விழுந்தால் "அடி பட்டுச்சா?" என்று கேட்பவர்களைவிட, "நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அந்தக் கேள்வியும் அம்மாவுக்கு மட்டும்தான். அப்பா பக்கத்திலேயே நின்றிருந்தாலும் அவரைத் தாண்டி அது அம்மாவிடம் வந்துவிடும்.

என் சின்னவனுக்கு இப்போது 21 மாதம். தண்டையார்பேட்டையில் ஆறு குடித்தனம் உள்ள லைன் வீடு, அதில் நடுப் போர்ஷன் எங்களுடையது. நான், வீட்டுக்காரர், மாமனார், மாமியார், ரெண்டாவது படிக்கும் பெரியவள், அப்புறம் இவன். ஹாலில் ஜன்னலோரம் என் தையல் மிஷின். பிளவுஸ் தைப்பேன், புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பேன், சீசனில் எம்.சி. ரோட்டுக் கடைகளுக்கு நைட்டியும் தைத்துக் கொடுப்பேன். அவன் பதினோராவது மாதம் நடக்க ஆரம்பித்தான். நடந்தான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், முதல் நாளிலிருந்தே ஓட்டம்தான்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரர் விடியற்காலையில் காசிமேடு போய் சங்கராவும் இறாலும் வாங்கி வந்திருந்தார். அத்தை அரிவாள்மனையைப் போட்டு மீன் ஆய உட்கார்ந்துவிட்டார். மாமா கையில் பேப்பர். பெரியவள் டிவி முன்னால். வீட்டுக்காரர் போனில் யாரிடமோ லோடு விஷயம் பேசிக்கொண்டிருந்தார். நான் மறுநாள் கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டிய பிளவுஸுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தேன். ஆக, ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஐந்து பேர்.

நடைபாதையில் 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டில் முக்கால்வாசி தண்ணீர் பிடித்து வைத்திருந்தோம். அதில் என்ன போட்டானோ, எதை எடுக்கக் குனிந்தானோ தெரியவில்லை. சத்தமே வரவில்லை. அடிபம்புக்குக் குடத்தோடு போன பக்கத்துப் போர்ஷன் அக்கா கண்ணில் பட்டது இரண்டு கால்கள் மட்டும்தான். குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து தூக்கினார். இருமினான், கக்கினான், அப்புறம் வீல் என்று அழுதான். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவன் அழுகை அடங்குவதற்குள் விசாரணை ஆரம்பித்துவிட்டது. "நான் உங்ககிட்டதானே விட்டேன் அத்தை?" "என் கையெல்லாம் மீனா இருக்குதே, அவன் அப்பன்கூட இருக்கான்னு நெனச்சேன்." "நான் போன்ல இருந்தேன், அப்பா பாத்துக்கினு இருந்தாரு." "நானா? அவ பக்கத்துலதானே வெளையாடினு இருந்தான்?" யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்க்கிறார் என்று மனதார நம்பியிருந்தோம். கடைசியில் அந்த அக்காதான் என்னைப் பார்த்து, "கண்ணை எங்கே வச்சிருந்தே?" என்றார். பிள்ளையைக் காப்பாற்றியவரிடம் என்ன பதில் பேசுவது? கண் ஹூக்கில் இருந்தது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று எனக்கு உறைத்தது. வாரநாளில் எத்தனையோ மணி நேரம் அவனோடு நான் தனியாக இருந்திருக்கிறேன். அப்போதெல்லாம் இப்படி நடக்கவில்லை. ஆள் இல்லாத வீட்டில் பயம் நம்மை உட்கார விடாது. ஆள் நிறைந்த வீட்டில் அந்தப் பயத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்கிறோம். கடைசியில் யாரிடமும் அது இருப்பதில்லை. கூட்டுக் குடும்பத்தில் பிள்ளை தானாக வளர்ந்துவிடும் என்று பெருமையாகச் சொல்பவர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் பிள்ளைகள் காணாமல் போவது இதனால்தான்.

மறுநாள் குழந்தைகள் டாக்டரிடம் காட்டினோம். நெஞ்சில் சளி சத்தம் எதுவும் இல்லை என்றார். அப்புறம் அவர் விளக்கியதைத்தான் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் உடம்பின் அளவுக்குப் பார்த்தால் தலைக்குப் பாரம் அதிகம். எட்டிப் பார்த்தால் தலை முன்னால் போய்விடும். கையை ஊன்றி உடம்பைப் பின்னால் தள்ள அவர்களுக்குத் தெம்பு கிடையாது. தண்ணீர் நிறைந்த பக்கெட் கனமாக இருப்பதால் சாயவும் சாயாது. மூக்கும் வாயும் மூழ்கிற அளவு இருந்தால் போதும், நாலு விரற்கடைத் தண்ணீரே ஆபத்து. மூழ்குகிற பிள்ளை கத்தாது, கையைக் காலை அடித்துச் சத்தமும் போடாது. தண்ணீரில் ஆபத்து என்றால் கடலைத்தான் நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். எங்கள் நடைபாதையில் மட்டும் அன்றைக்குப் பதினேழு பாத்திரத்தில் தண்ணீர் இருந்தது. எண்ணிப் பார்த்தேன்.

தண்ணீரைப் பிடித்து வைக்காதே என்று இந்தப் பக்கம் யாரிடமும் சொல்ல முடியாது. மீஞ்சூர் பக்கம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் வந்தது, இருந்தாலும் 2019 கோடையில் லாரிக்குக் காத்துக் கிடந்ததை நாங்கள் மறக்கவில்லை. குழாயில் வரும்போதே அண்டா, குடம், டிரம் எல்லாவற்றையும் நிரப்பினால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். சரி, பிடிப்போம். டிரம்முக்கு இறுக்கமான மூடி போட்டோம். வாய் அகன்ற பக்கெட்டில் தண்ணீர் வைப்பதை அடியோடு நிறுத்தினோம், குறுகிய வாய்க் குடம்தான். காலியான பக்கெட்டைக் கவிழ்த்து வைக்கிறோம். பாத்ரூம் கதவுக்கு வெளிப்புறம் என் தோள் உயரத்தில் ஒரு கொண்டி. எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. கண்ணை எங்கே வச்சிருந்தே என்று கேட்ட யாரும், மூடியை எங்கே வச்சிருந்தே என்று கேட்கவில்லை, பாருங்கள்.

என் ஆத்திரமே இதில்தான். "கவனமா இரு" என்பது ஒரு யோசனையே இல்லை. கண் என்பது களைத்துப்போகிற உறுப்பு. பொருளை இடம் மாற்றி வைத்துவிட்டால் அது களைப்பதில்லை.

என் தொழிலே எனக்கு முதல் எதிரி. மோட்டார் மிஷின், கீழே கிடக்கும் பெடலை அவன் ஒரு அமுக்கு அமுக்கினால் ஊசி இறங்கிவிடும். அதனால் டீ குடிக்க எழுந்தால்கூட சுவிட்சை அணைத்துவிடுவேன். குண்டூசி, ஹூக், பிரஸ் பட்டன் எல்லாம் மூடி போட்ட டப்பாவில், டப்பா பீரோ மேலே. தரையில் அவன் உயரத்துக்குப் படுத்துப் பார்த்தேன் ஒரு நாள். (அத்தை எனக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் தெளிக்க வந்துவிட்டார்.) கட்டிலுக்கு அடியில் பொம்மை ரிமோட் ஒன்று, பின்மூடி இல்லாமல் கிடந்தது. சட்டைப் பட்டன் மாதிரி வட்டமாக இருக்குமே, அந்த பேட்டரி. அதை முழுங்கி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே வெந்து புண்ணாகிவிடும். காசை முழுங்கினது போல வெளியே வரட்டும் என்று வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. திருவிழாவில் வாங்குகிற லைட் எரியும் பொம்மைகளில் இதுதான் இருக்கிறது.

சாமி மாடத்துக் கற்பூரமும் அப்படித்தான். கல்கண்டு என்று நினைத்து வாயில் போட்டால், கொஞ்சமே ஆனாலும் சின்னப் பிள்ளைக்கு வலிப்பு வரலாம். டிரைசைக்கிளில் வருபவரிடம் வாங்கும் பினாயிலை ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை நானும் செய்திருக்கிறேன். இப்போது நினைத்தால் உடம்பு நடுங்குகிறது. இப்படி எதையாவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வைத்தியம் தெரிந்த பெரியவர்கள் யார் சொன்னாலும் கூடாது. பாட்டிலையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

வாக்கர் பற்றி ஒரு வரி. அவனுக்கு எட்டு மாதம் இருக்கும்போது என் தம்பி ஆசையாக வாங்கி வந்தான். பிள்ளைக்கு ஆபத்து என்று கனடாவில் 2004இலேயே அதை விற்கத் தடை போட்டுவிட்டார்கள். நான் பரணில் போட்டேன். தம்பிக்கு இன்னும் கோபம்.

எல்லோரும் அவனை வாலு என்கிறார்கள், துறுதுறுவென்று இருக்கிறானே, ஒரு டாக்டரிடம் காட்டு என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி, இந்த வயதுப் பிள்ளை ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் ஓடியாட வேண்டும். மூன்று மணி நேரம்! பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில், மிஷினும் பீரோவும் கட்டிலும் போக மிச்சமிருக்கும் இடத்தில் எங்கே ஓடுவான்? வெளியே வந்தால் கன்டெய்னர் லாரி. கடற்கரை பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் ராயபுரத்திலிருந்து வடக்கே பெரும்பாலும் மணல் கிடையாது, கொட்டி வைத்த பாறாங்கல்தான். பழைய நகர மதில்சுவர் மேல் இருக்கும் மாடிப் பூங்காவுக்குத் தினமும் போக எனக்கு நேரமில்லை. சில சாயங்காலம் மெட்ரோ ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், வழுவழு தரையில் ஓடவிட்டு, லிஃப்டில் ஒரு தடவை ஏறி இறங்கிக் கூட்டி வருகிறேன். பிள்ளை துறுதுறுவென்று இருப்பது நோய் இல்லை, ஓட இடம் இல்லாததுதான் கோளாறு.

போன் கொடுக்கிறேனா? கொடுக்கிறேன். சோறு வடிக்கிற பத்து நிமிடம். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று அதே நிறுவனம் சொல்வது தெரியும். கொதிக்கிற கஞ்சியா போனா என்று வந்தால், நான் போன் பக்கம்தான். திட்டுபவர்கள் வந்து வடித்துக் கொடுங்கள்.

"அக்கா பாத்துக்குவா" என்று பெரியவள் தலையில் கட்டுவதை மட்டும் கண்டிப்பாக நிறுத்திவிட்டேன். அவளுக்கு ஏழு வயது. தம்பியோடு விளையாடலாம், அவனுக்குக் காவல் அவள் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பத்து நாள் அவள் பக்கெட்டைப் பார்த்தாலே அழுதாள். யாரோ அவளிடமும் "நீ பாக்கலையா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு. என் பழைய இன்ச் டேப் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிட்டேன். அது யார் கழுத்தில் இருக்கிறதோ, சின்னவன் அவர் பொறுப்பு. வேறு வேலை செய்யக் கூடாது, போன் பார்க்கக் கூடாது. போக வேண்டுமென்றால் அடுத்தவர் கழுத்தில் போட்டு, "இனி நீ" என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். (டேப் பிள்ளை கழுத்துக்கு ஆபத்து இல்லையா என்று கேட்பீர்கள். அதனால்தான் அது கீழே கிடப்பதே இல்லை.) வீட்டுக்காரர் முதலில், "இன்னா, எனக்கு மாலையா?" என்று கிண்டல் பண்ணினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அதைப் போட்டிருந்த பிறகு கிண்டல் நின்றது. எனக்கும் லாபம்தான், டேப் என் கழுத்தில் இல்லாத ஒரு மணி நேரத்தில் ஒரு பிளவுஸ் வெட்டி முடித்துவிடுகிறேன்.

நேற்று மாமா டேப்போடு தெருமுனை டீக்கடை வரைக்கும் போய்விட்டார். கடைக்காரர், "இன்னா பெருசு, டெய்லர் ஆயிட்டியா?" என்று கேட்டிருக்கிறார். அப்போதுதான் தொட்டுப் பார்த்திருக்கிறார். போட்ட டீயை அப்படியே வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். வாசலில் அத்தை, இடுப்பில் பேரனோடு நின்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்க டேப்பைக் கழற்றி அத்தை கழுத்தில் போட்டு, "இனி நீ" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயைக் குடிக்கத் திரும்பிப் போனார்.