தலை உயரத்தில் ஒரு கல்

எங்கள் ஊரில் இருந்து சந்தைக்குப் போகும் வழியில் புளியமரத்துக்கு எதிரே ஒரு சுமைதாங்கி இருந்தது. இருந்தது என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் அதைப் பெயர்த்து ஏரிக்கரை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது. போன வாரம் ஊருக்குப் போனபோது தேடிப் பார்த்தேன். வேலிகாத்தான் முள்ளுக்குள் கிடக்கிறது. நின்ற கல் ஒன்று உடைந்துவிட்டது. இன்னொன்றும் மேலே படுத்திருந்த கல்லும் முழுசாக இருக்கின்றன.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வைத்திருப்பார்கள். அவ்வளவுதான் சுமைதாங்கி. ஆனால் அதன் உயரத்தில்தான் விஷயமே இருக்கிறது. நெல் மூட்டையோ விறகுக் கட்டோ தலையில் வைத்துக்கொண்டு தனியாக நடக்கிறவருக்கு, இறக்கி வைக்கவும் ஒரு ஆள் வேண்டும், திரும்பத் தூக்கிவிடவும் ஒரு ஆள் வேண்டும். நடுக்காட்டில் யாரைத் தேடுவது? கல் தலை உயரத்துக்கு இருந்தால், அருகில் போய் நின்று சுமையை அப்படியே கல் மேல் தள்ளிவிடலாம். மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்துவிட்டு, தலையில் சுமைக்கு அடியில் வைக்கும் துணிச் சுருளான சும்மாட்டைச் சரிசெய்து, தலையைக் கொடுத்து இழுத்துக்கொண்டால் சுமை ஏறிவிடும். என் ஆயா கடலை மூட்டையோடு அங்கே நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மேல்கல்லின் நடுப்பகுதி மட்டும் வழவழவென்று இருக்கும். எத்தனை மூட்டை உரசிய வழவழப்போ அது.

அந்தக் கல்லின் பக்கவாட்டில் எழுத்து உண்டு. பெயரின் முன்பாதி தேய்ந்துவிட்டது. 'ம்மாள் ஞாபகார்த்தம்' என்பது மட்டும் விரலால் தடவினால் தெரிகிறது. சின்ன வயதில் யாரோ தர்மம் செய்த பணக்கார அம்மா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆயாதான் சொன்னார், வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன பொண்ணுக்கு வைத்த கல் என்று. சுமையை இறக்காமலே போய்விட்டவள். வழியில் போகிறவர்கள் தங்கள் சுமையை அந்தக் கல்லில் இறக்க இறக்க, அவள் பாரம் குறையும். தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் இந்த நம்பிக்கை இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் இதே நம்பிக்கையோடு சுமைதாங்கிகள் இருக்கின்றன. அங்கே கேணியும், மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல்லும் பக்கத்திலேயே இருக்கும்.

ஒரு குடும்பத்தின் துக்கத்தை ஊருக்கே ஓய்விடமாக மாற்றியவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. இதைவிடப் பெரிய நினைவுச் சின்னத்தை நான் எங்கும் பார்த்ததில்லை.

நம் மண்ணில் ஞாபகக் கல் என்பது ரொம்பப் பழைய பழக்கம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையானவை. அதில் ஒன்று, கூடலூர் ஆகோளில், அதாவது மாடு கவர்ந்த சண்டையில், செத்துப்போன தீயன் அந்தவன் என்பவனுக்கு நட்டது. எந்த ஊர்க்காரன், எந்தச் சண்டையில் செத்தான் என்று தமிழின் பழைய எழுத்தான தமிழியில் சில சொற்கள்தான். அரசன் பெயர்கூட அதில் இல்லை.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் கல் எனக்கு இன்னும் நெருக்கம். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆவது ஆட்சியாண்டு என்று அதில் இருக்கிறது. ஆனால் ராஜா அங்கே வருடக் கணக்குக்குத்தான் வருகிறார். கதை கருந்தேவகத்தி என்பவருடையது. தன் எருமைகளைக் காக்கப் போய் உயிரை விட்டவர். அவரோடு இருந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு அங்கேயே காவல் நின்றதாம். அந்த நாயின் பெயர் கோவிவன். வீரனுக்குப் பக்கத்திலேயே அதையும் செதுக்கிப் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் ஒரு சண்டைச் சேவலுக்கே கல் இருக்கிறது. எந்தச் சேரிச் சேவல், அதாவது ஊரின் எந்தப் பகுதிச் சேவல், என்பது உட்பட எழுதியிருக்கிறார்கள். 1,400 வருடம் கழித்து ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. அதே மாவட்டங்களில் ஐம்பது வருடத்துக்கு முன் இறந்த எத்தனையோ பேருடைய பெயர் யாருக்கும் தெரியாது.

தலைவர்களுக்குச் சிலை வைப்பதில் எனக்கு வருத்தம் இல்லை, வைக்கட்டும். ஆனால் 'வரலாற்றுச் சின்னம்' என்றாலே கோட்டை, கோபுரம், சிலை என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததால்தான், வழியோரத்துக் கல் வெறும் கல்லாகத் தெரிகிறது. எங்கள் சுமைதாங்கியைப் பெயர்த்த வண்டியை ஓட்டி வந்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். அது என்னவென்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சாலைக்கு அளவெடுத்தவர்கள் மரத்துக்கு நம்பர் போட்டார்கள், மின்கம்பத்துக்கு நம்பர் போட்டார்கள், கல்லுக்குப் போடவில்லை. இந்த மாதிரிக் கற்களில் மிகப் பெரும்பாலானவை தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பட்டியலில் இல்லை. கேட்க நாதி இல்லை.

அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். உடையப்போகிற கல்லுக்கு அது சரி. தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்துவிட்டு நானே அசந்து நின்றிருக்கிறேன். ஆனால் நடுகல்லுக்கு அது நின்ற இடமும் சேர்ந்ததுதான் கதை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இன்னும் பல ஊர்களில் நடுகல் வேடியப்பன் என்ற சாமியாக நின்று பொங்கல் வாங்கிக்கொள்கிறது. எழுத்தைப் படிக்கத் தெரியாத ஜனம்தான் எண்ணெய் தடவி, மாலை போட்டு இத்தனை நூற்றாண்டு அதைக் காப்பாற்றியது. சுமைதாங்கியை எடுத்துப் போய் ஒரு ஹாலில் வைத்தால் அது மூன்று கல். சந்தைப் பாதையில் புளியமர நிழலில் நின்றால்தான் அது சுமைதாங்கி.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. சாலை வேண்டும், அகலமாகவே போடுங்கள். கல்லைப் பத்தடி தள்ளி நட்டுவிடுங்கள். பக்கத்தில் நாலு வரியில் ஒரு பலகை. உங்கள் ஊரில் இப்படி ஒன்று இருந்தால், அடுத்த முறை போகும்போது எழுத்து தெரிகிற மாதிரி காலை வெயிலில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். சாய்ந்த வெயிலில்தான் தேய்ந்த எழுத்து எழும்பும். பெரியவர்களிடம் யாருடைய கல் என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்களும் போய்விட்டால் கேட்க ஆள் இல்லை.

எங்கள் ஊர்க் கல்லைத் திரும்ப நட அக்டோபர் 2 கிராம சபையில் கொடுக்க மனு எழுதிவிட்டேன். உடைந்ததற்குப் பதில் புதுக்கல் ஒன்று வெட்டித் தர ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். தரைக்கு மேல் என்ன உயரம் நிற்க வேண்டும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெருவில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மாவிடம் கேட்டேன். அவர் எழுந்து நின்று, முந்தானையைச் சுருட்டித் தலையில் வைத்து, அதற்கு நேராகச் சுவரில் கையை வைத்துக் காட்டினார். அந்த இடத்தில் கரிக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.