ஜாஸ் கச்சேரிக்கு ராக் பேண்டு சவுண்டு: எத்தனை வருசத்துக்குய்யா இது?

வருசா வருசம் இதே கூத்துதான். நகரத்து இசை விழானு ஊர் பூரா பேனர் கட்டுவாங்க. பினாங்குல பாடாங் கோத்தா லாமா மாதிரி கடலோரத் திடலா பார்த்து மேடை போடுவாங்க. எங்கெங்கிருந்தோ நல்ல நல்ல ஜாஸ் குழுவை டிக்கெட் போட்டுக் கூட்டிட்டு வருவாங்க. கடைசியில அவங்களை, முன்னாடி ஆடிட்டுப் போன ராக் பேண்டுக்கு வெச்ச அதே செட்டிங்ல வாசிக்க விடுவாங்க. டபுள் பேஸ், அதான் ஆள் உயரத்துக்கு நிக்கிற அந்தப் பெரிய வயலின் மாதிரி வாத்தியம், அதை வாசிக்கிறவர் விரல் ஓடுறது மட்டும் தெரியும், ஒரு சுரம் காதுல விழாது.

டபுள் பேஸோட அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். விழா நடத்துற நீங்க என்ன பண்றீங்க? கீழ் நாதத்துக்கான பெரிய ஸ்பீக்கரை, அதான் சப்வூஃபரை, கொண்டுபோய் மேடைக்கு அடியிலேயே அடுக்குறீங்க. மேடை வெறும் பலகை, உள்ள காலி. சப் அதிர்ந்தா பலகை அதிரும், பலகை அதிர்ந்தா பேஸோட கால் கம்பி வழியா அந்த மரப்பெட்டி மொத்தமும் அதிரும், வாத்தியத்துல ஒட்டியிருக்கிற பிக்கப், அதான் அதிர்வை மின்சாரமா மாத்துற சின்னக் கருவி, அதைத் திரும்ப ஸ்பீக்கருக்கே அனுப்பும். "ஊஊம்"னு ஊளை. உடனே சவுண்டு அண்ணன் பதறிப்போய் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ மொத்தத்தையும் வழிச்சு எடுத்துடுவார். மிச்சம் இருக்கிறது மூக்கடைச்ச "டொக் டொக்"தான்.

அதுலயும் பாதிக் கோளாறு, வாத்தியத்தை மிக்ஸரோட இணைக்கிற டிஐ பெட்டியிலதான். பிரிட்ஜுல ஒட்டியிருக்கிறது பீசோ பிக்கப். அதைச் சொருகுற இடத்துல குறைஞ்சது 1 மெகா ஓம் உள்ளீட்டு மின்தடை (இன்புட் இம்பீடன்ஸ்) வேணும். நீங்க நேரா பழைய பாசிவ் டிஐ பெட்டியில சொருகுனா, கீழ் நாதம் மிக்ஸருக்கு வந்து சேர்றதுக்கு முன்னாடியே காணாமப் போயிடும். அப்புறம் மிக்ஸர்ல எவ்வளவு திருகினாலும் வராது, வந்தாலும் ஊளையோடதான் வரும். நடுவுல ஒரு பிரீஆம்ப், அதான் சிக்னலை முன்கூட்டியே பெருக்கித் தர்ற பெட்டி, வையுங்க. கால் கம்பிக்கு அடியில தடிமனா ஒரு ரப்பர் துண்டு போடுங்க. பேஸ் ஆம்பைத் தரையில வைக்காம நாற்காலி மேல ஏத்துங்க. ஒலி அலையைத் தலைகீழாத் திருப்புற ஃபேஸ் பட்டனை ஒருதடவை மாத்திப் பாருங்க. அதுக்கப்புறமும் ஊளையிட்டா, ஊளையிடுற அந்த ஒரே அலைவரிசையை மட்டும் குறுகலா வெட்டுங்க. நாற்காலிக்கும் ரப்பருக்கும் ஸ்பான்சர் தேடணுமா என்ன?

ட்ரம்ஸ் கதை இன்னும் மோசம். குழு அனுப்புற ரைடர்ல, அதான் தேவைப் பட்டியல்ல, 18 அங்குல கிக் (காலால அடிக்கிற பெரிய ட்ரம்), முன்தோல்ல ஓட்டை கூடாதுனு தெளிவா எழுதியிருப்பாங்க. மேடையில நிக்கிறது 22 அங்குலம், நடுவுல ஓட்டை, உள்ள தலகாணி. அப்படியே 18 வந்தாலும், "ஓட்டை இல்லையே, மைக்கை எங்க நுழைக்கிறது?"னு ஒரு கேள்வி. நுழைக்கவே வேணாம் அண்ணே, முன்னாடி கொஞ்சம் தள்ளி வெச்சாப் போதும். பழைய பாணி ஸ்விங் வாசிக்கிற ட்ரம்மர் பலபேர் கிக்கை இடிக்க மாட்டாங்க. ஒவ்வொரு தாளத்துக்கும் பஞ்சு மாதிரி தொட்டுக்கிட்டே போவாங்க, காதுக்குத் தெரியாது, உடம்புக்குத் தெரியும். அதுமேல கேட் (சின்னச் சத்தத்தை அடைச்சு, பெரிய சத்தத்துக்கு மட்டும் திறக்குற கருவி) போட்டா அந்தத் தொடுகைக்குக் கதவு திறக்கவே திறக்காது. எப்பவாவது அழுத்தி ஒரு அடி விழும்போது மட்டும் சட்டுனு திறந்து வெடிகுண்டு மாதிரி வெளிய வரும். கூட்டம் தூக்கிவாரிப் போட்டு நிமிரும், ட்ரம்மர் பக்கத்துல இருக்கிறவரைப் பார்த்துச் சிரிப்பார். பாவம், வேற என்ன செய்வார்?

தாளத்தைத் தாங்குறது ரைடு சிம்பல், அதான் குச்சியால தட்டிக்கிட்டே இருக்கிற பெரிய வெண்கலத் தட்டு. அதனால முதல்ல மேல இருக்கிற ரெண்டு ஓவர்ஹெட் மைக்கைத் திறங்க. முழு செட்டும் அதுலயே கேக்கணும். பத்தாததுக்குத்தான் கிக் மைக்கும், ஸ்னேர்ங்கிற சின்ன ட்ரம்முக்கான மைக்கும். நம்ம ஊர்ல தலைகீழா கிக்ல ஆரம்பிச்சு, ரைடுக்கு வரும்போது பாட்டே முடிஞ்சிருக்கும்.

பியானோவைப் பத்தி ஒண்ணே ஒண்ணு. ஏர்கோன் அறையில கிடந்ததைக் கடல் காத்துல தூக்கி வெச்சா சவுண்ட்போர்டு ஈரத்தைக் குடிச்சு ஊதும், நடு ஸ்தாயியோட சுதி ஏறிடும். காலையில ஹால்ல சுதி சேர்த்தது ராத்திரிக்கு உதவாது. மேடைக்கு வந்த பிறகு சேர்க்கணும், சவுண்ட் செக் முடிஞ்சதும் இன்னொருதடவை பார்க்கணும். அதுக்கு நேரம் இல்லைன்னா 88 கட்டை உள்ள நல்ல கீபோர்டு வெச்சிடுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

ஆள் இல்லையா நம்ம நாட்டுல? கோலாலம்பூர்ல பெட்ரோனாஸ் கோபுரத்துக்குக் கீழ 1998-லயே ஃபில்ஹார்மோனிக் மண்டபம் திறந்தாச்சு. மைக் இல்லாத வாத்தியம் எப்படிக் கேக்கும்னு தெரிஞ்ச காது இங்கேயே நிறைய இருக்கு. ஆனா டெண்டர் போறது நேத்து செராமாவுக்கும் (அரசியல் சொற்பொழிவுக்கும்) முந்தாநாள் கல்யாண விருந்துக்கும் ஸ்பீக்கர் கட்டுனவருக்கு. அவரையும் முழுசா குத்தம் சொல்ல முடியாது. நீங்க அவருக்குக் குடுக்கிறது பதினைஞ்சு நிமிசம். பதினைஞ்சு நிமிசத்துல லைன் செக் பண்ணலாம், எந்த மைக் எந்தச் சேனல்னு பார்க்கலாம், அவ்வளவுதான். நாலு பேர் குழுவுக்கு ஒழுங்கா சவுண்ட் செக் பண்ண முக்கால் மணி நேரமாவது வேணும். மத்தியானம் மேடை சும்மா கிடக்கும்போது பண்ணி, டிஜிட்டல் மிக்ஸர்ல அந்தக் குழுவுக்குனு தனியா ஒரு சீன், அதான் மொத்த செட்டிங்கையும், சேமிச்சு வெச்சா ராத்திரி ஒரு பட்டன் வேலை. அந்த மத்தியானத்தை எதுக்குச் செலவழிக்கிறீங்க? பட்டம் வாங்கின பெரிய மனுசர், அதான் டத்தோ, நடந்து வர்றதுக்கு ஒத்திகை பார்க்க!

அதையாவது பொறுத்துக்கலாம். தனி ஆவர்த்தனத்துல எந்திரிச்சு காப்பிக்குப் போற நம்ம சபா ரசிகர் கூட வாயை மூடிக்கிட்டுத்தான் போவார். இங்க பேஸ் சோலோ ஆரம்பிச்சு சத்தம் அடங்கினதும், பாட்டு முடிஞ்சிடுச்சுனு நினைச்சு அறிவிப்பாளர் மைக்கை எடுத்து லக்கி டிரா நம்பர் வாசிக்கிறார். அவர் மைக்ல மட்டும் கீழ் நாதம் மேல் நாதம் எல்லாம் சுத்தமா, கணீர்னு கேக்குது.