பழைய அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள்

'சாதனை முறியடிப்பு' என்ற சொல்லை இப்போது எதற்கு வேண்டுமானாலும் போட்டுவிடுகிறார்கள். வசூல், வெயில், மழை, யூடியூப் பார்வைகள் எல்லாவற்றுக்கும் இதே சொல்தான். சரி, யாருடைய சாதனை, முன்பு எவ்வளவு இருந்தது என்று தேடினால் செய்தியில் அது மட்டும் இருக்காது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. முறியடிக்கப்பட்டது எது என்று தெரியாவிட்டால் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினார். இப்படி மட்டும் சொன்னால் அது ஓர் எண், அவ்வளவுதான். அதுவரை நீளம் தாண்டுதலின் உலக சாதனை 8.35 மீட்டர். சில சென்டிமீட்டர் கூடினாலே பெரிதாகப் பேசப்படும் போட்டியில் ஒரே தாண்டலில் 55 சென்டிமீட்டர்! பழைய அளவைச் சேர்த்துப் படிக்கும்போதுதான் மலைப்பு வருகிறது. 1991-ல் டோக்கியோவில் மைக் பவல் 8.95 மீட்டர் தாண்டினார். கூடியது வெறும் 5 சென்டிமீட்டர். ஆனால் 23 ஆண்டுகள் யாரும் எட்டாத அளவைக் கடந்த 5 சென்டிமீட்டர் அது.

அப்புறம், ஒப்பிடும் இரண்டுக்கும் நிபந்தனையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பின்னாலிருந்து வீசும் காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் நீளம் தாண்டுதலில் உலக சாதனை ஏற்கப்படாது. பீமன் தாண்டியபோது பதிவான காற்று சரியாக 2.0. எலியுட் கிப்சோகே 2019-ல் வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1:59:40-ல் ஓடி முடித்தார். மனிதர் இரண்டு மணி நேரத்துக்குள் ஓடிவிட்டார் என்று நானும் கொண்டாடினேன். ஆனாலும் வேகம் குறையாமல் இருக்கக் கூடவே ஓடும் துணைவர்கள் முறை வைத்து மாறி மாறி வந்ததால் அது உலக சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. அதுதான் நியாயம். டிக்கெட் விலை கூடிய பிறகு வரும் வசூலைப் பழைய வசூலோடு ஒப்பிடுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வெயில் விஷயத்தில் இந்தச் சொல்லே வேண்டாம் என்பேன். 2024-தான் இதுவரை பதிவானதில் மிக வெப்பமான ஆண்டு என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. அதைப் போய் 'வெப்பம் சாதனை படைத்தது' என்று எழுதலாமா? அங்கே சாதித்தவர் யார்? 'இதுவரை பதிவானதில் மிக அதிகம்' என்று எழுதினால் போதும். எத்தனை டிகிரி, முந்தைய உச்சம் எந்த ஆண்டு என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள்.