எத்தனை மணிக்குப் பனியை விட்டு இறங்கினாய்?

மணாலிக்கு அருகிலுள்ள, 5,289 மீட்டர் உயரமுள்ள ஃபிரெண்ட்ஷிப் சிகரத்துக்குச் சென்ற எங்கள் தெருத் தம்பி ஒருவர், உச்சியைத் தொடாமல் திரும்பிவிட்ட காரணத்தால் பத்து நாட்களாக யார் முகத்திலும் விழிக்காமல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவரை அழைத்துச் சென்ற நிறுவனம் உச்சியை ஏறக்குறைய உறுதி என்று விளம்பரம் செய்திருந்தது. ஊர் திரும்பியதும் நண்பர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "டாப்புக்குப் போனியா, இல்லியா?" பனி மூடிய மலை முகட்டில் ஒரே நாளில் ஏறி இறங்குவதைப் பற்றிக் கேட்கக்கூடிய கேள்விகளிலேயே மிகவும் பயனற்றது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. நானும் அந்தக் கேள்வியால் ஓர் ஆண்டு முழுவதும் குன்றிப்போயிருந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் அப்பா சென்னை ராயபுரத்தை ஒட்டிய காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். விடியற்காலை மூன்று மணிக்குக் கட்டி ஐஸ் இயந்திரத்துக்குள் விழும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த நேரத்தில் உடைத்த ஐஸ், கல்லுப்பைப் போலத் தனித்தனியாக நிற்கும். அதே ஐஸ் பத்து மணி வெயிலில் அரை மணி நேரம் கிடந்தால் ஒன்றோடொன்று ஒட்டி, கையில் அள்ளினால் சொதசொதவென்று விரலிடுக்கில் வழியும். பெட்டிக்குள் போக வேண்டிய ஐஸ் எது, கீழே தள்ள வேண்டிய ஐஸ் எது என்பதை அப்பா பார்த்துச் சொல்லமாட்டார். ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்த்துத்தான் சொல்வார். ஆல்ப்ஸ் மலையில் எங்கள் வழிகாட்டி குனிந்து பனியை அள்ளிக் கையுறைக்குள் அழுத்திப் பார்த்தபோது எனக்கு ராயபுரமே நினைவுக்கு வந்தது.

வேலை நிமித்தமாக இரண்டு ஆண்டுகள் சூரிச்சில் இருந்தபோதுதான் பிட்ஸ் பெர்னினா என்ற மலையை அறிந்தேன். சுவிட்சர்லாந்தின் கிழக்குக் கோடியில், 4,049 மீட்டர் உயரத்தில் இருக்கும் அது, கிழக்கு ஆல்ப்ஸில் நாலாயிரம் மீட்டரைத் தாண்டிய ஒரே மலை. 1850ஆம் ஆண்டு யோஹான் கோவாஸ் என்பவர் தலைமையில் முதன்முதலாக அதன் உச்சியை அடைந்தார்கள். அதன் வடக்கு முகடான பியாங்கோகிராட் கத்தி முனையைப் போல மெலிந்த வெண்பனிக் கோடு. அந்த ஊர்க்காரர்கள் அதை 'வானத்து ஏணி' என்றே அழைக்கிறார்கள். 2,584 மீட்டரிலுள்ள சியேர்வா விடுதியிலிருந்து நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டு, 3,430 மீட்டரிலுள்ள பிரீவ்லூசா கணவாயை அடைந்து, அங்கிருந்து பாறையும் பனியுமாக 3,995 மீட்டர் உயர பிட்ஸ் பியாங்கோவுக்கு ஏறி, குறுகலான பாறை முகட்டைக் கடந்து உச்சியைத் தொட்டு, மறுபக்கமாக இறங்க வேண்டும். இந்த வழியில் திரும்புவதற்கு வசதியான இடம் அந்தக் கணவாய்தான். அதைத் தாண்டிப் பனிமுகட்டில் ஏறியபின் திரும்ப வேண்டுமென்றால், அதே முகட்டில், வெயிலில் இளகிய பனிமேல், கால் பதித்துக் கீழே வர வேண்டியிருக்கும்.

முதல் முறை நான் அந்தக் கணவாயோடு திரும்பினேன். மழை இல்லை, காற்று இல்லை, எனக்குக் களைப்பும் இல்லை. முந்தைய இரவு வானம் முழுவதும் மேகம் மூடியிருந்தது, அவ்வளவுதான். தெளிந்த வானமாக இருந்தால் பனி தன் வெப்பத்தை இரவெல்லாம் வெளியே விட்டுவிட்டு மேல்பரப்பில் கல்லாக இறுகும். மேகம் போர்வையாக நின்றால் அந்த வெப்பம் திரும்பி வந்துவிடும், பனி இறுகாது. கணவாய்க்குக் கீழேயுள்ள சரிவில் ஒவ்வோர் அடிக்கும் கணுக்கால்வரை புதைந்தது. பனியில் வழுக்காமலிருக்கக் காலணிக்கு அடியில் மாட்டும் இரும்புப் பல் சட்டமான கிராம்பானின் பற்களுக்கிடையே ஈரப்பனி உருண்டையாகத் திரண்டு ஒட்டிக்கொண்டதால், பத்தடிக்கு ஒரு முறை ஐஸ் ஆக்ஸ் எனும் பனிக்கோடாரியின் பிடியால் தட்டித் தட்டி உதிர்த்தோம். மணி 5.20. வழிகாட்டி ஒரு பிடி பனியை அழுத்தினார், தண்ணீர் சொட்டியது. "இப்போதே இப்படி என்றால் பத்து மணிக்கு எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். திரும்பினோம்.

அவர் கணக்குப் போட்டது ஏறுவதற்கான நேரத்தை அல்ல, இறங்குவதற்கான நேரத்தை. இறங்கும் வழியிலுள்ள பனியாற்றில், அதாவது மலைச்சரிவில் மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டிப் பரப்பில், உள்ள ஆழமான பிளவுகளின் மேல் பனி பாலம்போல மூடிக்கிடக்கும். காலையில் ஆளைத் தாங்கும் அந்தப் பாலம் மதியத்துக்குமேல் தாங்கும் என்பதற்கு உறுதி கிடையாது. பாறைகளை ஒட்டவைத்திருக்கும் உறைபனி வெயிலில் இளகினால் கற்கள் உருளத் தொடங்கும். அதோடு, உச்சியைத் தொட்டவர்கள் பாதி தூரம்தான் வந்திருக்கிறார்கள். 1865 ஜூலை 14 அன்று ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்ன் மலை உச்சியை முதன்முதலாக அடைந்த ஏழு பேரில் நான்கு பேர் இறங்கும்போதுதான் விழுந்து இறந்தார்கள். "டாப்புக்குப் போனியா?" என்று அவர்களைக் கேட்டிருந்தால் ஏழு பேருக்கும் பதில் 'ஆம்' என்பதே.

இந்த நேரக் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு இறுகிக்கொண்டே வருவதுதான் எனக்குப் பெருங்கவலை. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தம் மொத்தக் கன அளவில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டன. 2023 ஆகஸ்ட் 20ஆம் தேதி இரவு, காற்றின் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு இறங்குவதற்கு 5,298 மீட்டர் உயரம் போக வேண்டியிருந்தது என்று அந்நாட்டு வானிலைத் துறை பதிவு செய்தது. ஆல்ப்ஸிலேயே உயரமான மோ பிளாங் உச்சியே 4,800 மீட்டரைச் சற்றுத் தாண்டியதுதான். அப்படிப்பட்ட கோடையில் பழைய நூல்கள் சொல்லும் புறப்பாட்டு நேரத்தை நம்பிப் போவது ஆபத்து.

மறு ஆண்டு தெளிந்த இரவாகப் பார்த்துப் போனோம். 2.30க்குப் புறப்பட்டு 5 மணிக்குக் கணவாய். கிராம்பான் பற்கள் பனியில் இறங்கும்போது அந்த நொறுங்கும் சத்தம் கேட்டது. அப்பாவின் மூன்று மணி ஐஸேதான். முகட்டில் இரண்டு பக்கமும் பள்ளம். எங்கள் இருவரையும் ஒரே கயிறு பிணைத்திருந்தது. நான் ஒரு பக்கம் சரிந்தால் வழிகாட்டி மறுபக்கம் குதிப்பார், அவர் சரிந்தால் நான் குதிக்க வேண்டும், கயிறு முகட்டின்மேல் மாட்டி இருவரையும் நிறுத்தும் என்பதுதான் அங்கே உள்ள ஒரே பாதுகாப்பு. அதைக் கேட்டபின் ஒவ்வோர் அடியையும் அவருடைய உயிருக்கும் சேர்த்தே வைத்தேன். உச்சியில் 8.50, பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. பதினொரு மணிக்குள், இறங்கும் வழியிலுள்ள மார்கோ எ ரோசா விடுதியை அடையாவிட்டால் அன்றிரவு அங்கேயே தங்குவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். 10.35க்கு அடைந்ததால் தொடர்ந்தோம். அடுத்து வந்த பெல்லவிஸ்டா என்ற பனி மேடையில் கயிற்றை நீளமாக விட்டு, முன்னே போனவர் கோலால் குத்திக் குத்திப் பார்த்தே நடந்தார். பனியாற்றை விட்டுப் பாறையில் கால் வைத்தபோது மணி 1.50.

அன்று மாலை வீட்டுக்குப் பேசினேன். அப்பா உச்சியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எத்தன மணிக்குக் கரை புடிச்ச?" என்றார். கடலுக்குப் போகும் ஆட்களிடையே வாழ்ந்த மனிதருக்கு அந்தக் கேள்வியைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இது புதிய கணக்கு அல்ல. மலைக்குப் போகும்போது மட்டும் ஏன் மறந்துவிடுகிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

பணம் கட்டுவதற்குமுன் உங்களை அழைத்துச் செல்பவரிடம், எந்த இடத்தில், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கேளுங்கள். 'அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம்' என்ற பதில் வந்தால் அவரோடு போகாதீர்கள்.

தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். உங்களை எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள், அப்போது பனி காலுக்குக் கீழே எப்படி இருந்தது, பாதம் எதுவரை புதைந்தது, கீழே முகாமுக்கு எப்போது வந்து சேர்ந்தீர்கள் என்று எனக்குக் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டில்தான் இருப்பேன், வந்து சொல்.